டிஎஸ்ஓ இருந்தும் திரையை ஏன் ஏற்கவில்லை?

வணக்கம் ஐயா. மண்டபம் கரையில் நிறுத்தும் ஹெலிகாப்டரில் முள் கருவிகளை எடுத்துவிட்டு மின்னணுத் திரை பொருத்த முயல்வதாகவும், திரைக்கு டிஎஸ்ஓ (TSO, கருவி குறைந்தபட்சத் தரத்தை எட்டியதற்கான) ஒப்புதல் இருந்தும் ஆய்வாளர் ஏற்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அவர் சொன்னது சரியே. டிஎஸ்ஓ கருவிக்கு உரியது. அதை உங்கள் ரக ஹெலிகாப்டரில் பொருத்துவதற்கு எஸ்டிசி (STC, ஊர்தியின் வடிவமைப்பை மாற்றுவதற்கான துணைச் சான்று) போன்ற தனி ஒப்புதல் வேண்டும்.

அதற்கு முன், கருவியோடு வரும் டிஓ-160 (விமானக் கருவிகள் சூழலைத் தாங்குமா என்று சோதிக்கும் தரநூல்) சோதனைப் படிவத்தில் உப்புமூட்டம் (salt fog) என்ற இனத்துக்கு நேரே உள்ள எழுத்தைப் பாருங்கள். எக்ஸ் என்றிருந்தால் அந்தச் சோதனை நடக்கவே இல்லை. எஸ் என்றால் அரிக்கும் காற்றுள்ள இடத்துக்கானது. டி (T) என்றால், கடலோரம் பறக்கிற அல்லது நிற்கிற ஊர்தியில் வெளிக்காற்று நேரே படும் கருவிக்கான கடுஞ்சோதனை. பாம்பன் காற்றில் கேட்டுத் தாழ்ப்பாள் பொரிந்து உதிர்வதைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திரை விமானியறைக்குள் இருந்தாலும், அதற்குத் தரவு தரும் உணரிகளும் இணைப்பிகளும் வெளியே இருக்கக்கூடும். அவற்றின் படிவங்களையும் தனித்தனியே கேளுங்கள்.

அதிர்வுச் சோதனையும் ஹெலிகாப்டருக்கு உரிய வகையில் நடந்திருக்க வேண்டும்; சிறு விமானத்துக்குத் தேறிய திரை, சுழலியின் சீரான உதறலுக்குத் தாங்கும் என்று கொள்ள முடியாது. மென்பொருளுக்கு டிஓ-178சி (விமான மென்பொருள் உருவாக்கத்துக்கான தரநூல்) நிலை என்ன என்பதையும் விற்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள்.