ஏடிஹெச்டி மாத்திரையோடு சளி சிரப் கொடுக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. ஏடிஹெச்டி (கவனம் நிற்காத, அளவுக்கு மீறித் துறுதுறுவென்று இருக்கும் பிரச்சினை) என்று சொல்லி, சில மாதங்களாகக் காலையில் மெத்தில்பெனிடேட் எஸ்ஆர் 10 மி.கி. மாத்திரை கொடுக்கிறோம். இப்போது வகுப்பில் உட்கார்ந்து எழுதுகிறான். ஆனால் மதியச் சாப்பாட்டு டப்பா அப்படியே திரும்பி வருகிறது. சளி பிடித்திருப்பதால் மெடிக்கலில் ஒரு சிரப் தந்தார்கள், சேர்த்துக் கொடுக்கலாமா? எங்கள் ஊரில் இந்த மாத்திரை கிடைப்பதில்லை. மருந்துச் சீட்டு இல்லாமலே வரவழைத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: சிரப்பை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். பாட்டிலில் என்னென்ன மருந்து கலந்திருக்கிறது என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அதில் பினைல்எப்ரின் அல்லது சூடோஎபிட்ரின் என்று இருந்தால் கொடுக்க வேண்டாம். இவை மூக்கடைப்பைக் குறைக்க ரத்தக் குழாய்களைச் சுருக்குபவை. உங்கள் மகன் சாப்பிடும் மாத்திரையும் நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் கொஞ்சம் கூட்டும். இரண்டும் சேர்ந்தால் படபடப்பு, தலைவலி, தூக்கம் வராமல் புரளுவது எல்லாம் வரலாம். தெரியாமல் ஒரு வேளை கொடுத்துவிட்டீர்கள் என்றால் பதற வேண்டாம், அடுத்த வேளையை விட்டுவிடுங்கள். காய்ச்சல் இருந்தால் எடைக்கேற்ற அளவு பாரசிட்டமால் கொடுக்கலாம். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும். சளி பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் தானாகப் போய்விடும். நெஞ்சுச் சளி, மூச்சிரைப்பு என்றால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும், பையன் இந்த மாத்திரை சாப்பிடுகிறான் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். லினிசோலிட் போன்ற சில ஆன்டிபயாடிக்குகள்கூட இதோடு ஒத்துப்போகாது.

சாப்பாட்டு விஷயம் எதிர்பார்த்ததுதான். மாத்திரையின் வேலை நடக்கும் நேரத்தில் பசி அடங்கியிருக்கும், மாலையில் திரும்பும். அதனால் காலையில் வயிறு நிறையச் சாப்பிட வைத்துவிட்டு மாத்திரையைக் கொடுங்கள். மதியத்துக்கு இரண்டு கை தயிர்சாதம் போதும், திட்டாதீர்கள். பள்ளி விட்டு வந்ததும் முட்டை, கடலை, வாழைப்பழம், இரவில் நல்ல சாப்பாடு. ஒவ்வொரு முறை டாக்டரிடம் போகும்போதும் எடை, உயரம், ரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்து எழுதச் சொல்லுங்கள். பல இடங்களில் கூட்டத்தைக் காரணம் காட்டி இதை விட்டுவிடுகிறார்கள். நீங்கள் கேட்டால்தான் நடக்கும்.

இனி அந்த ஆளைப் பற்றி. வாங்காதீர்கள். மெத்தில்பெனிடேட் நம் நாட்டில் ஷெட்யூல் எக்ஸ் மருந்து, அதாவது கடுமையான கட்டுப்பாட்டோடு விற்க வேண்டிய மருந்து. டாக்டர் இரண்டு பிரதி எழுதித் தர வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் 2 ஆண்டுகள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். விற்பதற்குக் கடைக்குத் தனி லைசென்ஸும் வேண்டும். போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலிலும் இந்த மருந்து இருப்பதால், சீட்டு இல்லாமல் கையில் வைத்திருந்தால் உங்கள் மேல் வழக்கே வரலாம். அந்த ஆள் கொண்டுவரும் அட்டையில் இருப்பது என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், காலாவதி எப்போது என்பதற்கு யார் பொறுப்பு? பரீட்சை நேரத்தில் ‘படிப்பு மாத்திரை’ என்று கல்லூரிப் பிள்ளைகளுக்கு விற்கிறவர்கள்தான் ‘உங்க பையனுக்குத்தானே அக்கா’ என்று உங்களிடமும் வருகிறார்கள்.

எனக்குக் கோபம் சட்டத்தின் மேல் இல்லை, அது நடக்கிற விதத்தின் மேல். சிறு ஊர்க் கடைக்காரர்கள் இந்த லைசென்ஸ் தொல்லையே வேண்டாம் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஒரு அட்டை மாத்திரைக்காக அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறுகிறார். போதைக்கு வாங்குகிறவனைத் தடுக்க வைத்த விதி இது. அவனுக்குத் தரகர் கிடைத்துவிடுகிறார், தட்டுப்பாடு குழந்தைக்குத்தான். மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே, எழுதிக் கொடுத்த டாக்டரிடம் எந்தக் கடையில் இருக்கிறது என்று விசாரிக்கச் சொல்லுங்கள். அது அவருடைய வேலையும்தான்.

கடையில் ‘அதே மருந்து, வேற கம்பெனி’ என்று தந்தால் பெயரையும் மில்லிகிராமையும் மட்டும் பார்க்காதீர்கள். எஸ்ஆர் (மருந்து மெதுவாக வெளியாகும் வகை) என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். மெதுவாக வெளியாகாத சாதாரண மாத்திரையின் வேலை சுமார் நான்கு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அப்புறம் மதியத்துக்கு மேல் பையன் எரிச்சலும் அழுகையுமாக இருப்பான், ‘மாத்திரை வேலை செய்யவில்லை’ என்று பள்ளியிலிருந்து போன் வரும். எஸ்ஆர் மாத்திரையை உடைக்கவோ, பொடித்துத் தேனில் குழைக்கவோ கூடாது. பல மணி நேரத்துக்கான மருந்து ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும். விழுங்க வரவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்று வடிவங்கள் உண்டு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். இந்த மருந்தை இதயத்தைப் பற்றிக் கேட்காமல் தொடங்கக் கூடாது. ஓடும்போதோ விளையாடும்போதோ பையன் மயங்கி விழுந்திருக்கிறானா? நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னதுண்டா? பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை, முணுமுணுப்புச் சத்தம் என்று யாராவது சொன்னார்களா? குடும்பத்தில் 50 வயதுக்குள் காரணம் தெரியாமல் திடீரென்று இறந்தவர்கள் உண்டா? சித்தப்பா, மாமா, தாத்தா எல்லோரையும் நினைத்துப் பாருங்கள். ‘தூக்கத்திலேயே போயிட்டார்’ என்று வீட்டில் சாதாரணமாகச் சொல்லும் சாவும் இதில் சேரும். ஒன்றுக்காவது ஆம் என்றால், அடுத்த மாத்திரைக்கு முன்பே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். இசிஜியும் இதய மருத்துவரின் ஆலோசனையும் தேவைப்படும். எல்லாவற்றுக்கும் இல்லை என்றால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இசிஜிகூட வேண்டியதில்லை. மாத்திரை தொடங்கிய பிறகு மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

காலையில் கொடுக்க மறந்துவிட்டால் மாலையில் கொடுக்காதீர்கள், ராத்திரி தூங்க மாட்டான். மறுநாள் இரண்டாகவும் கொடுக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமையும் லீவு நாளும் மாத்திரை வேண்டுமா என்பதை எடையைப் பார்த்து உங்கள் டாக்டர் சொல்லட்டும். பக்கத்து வீட்டில் கேட்டு நிறுத்த வேண்டாம்.