மோட்டரைக் கடைசியாக வாங்குங்கள்

கேள்வி (மூதூர் வாசகர்): ஐயா, என்னுடையது 18 அடி ஃபைபர் போட். அணியத்தில் (முன்பக்கத்தில்) 12 வோல்ட், 55 இறாத்தல் தள்ளுவிசையுள்ள மின்மோட்டர் பூட்டியிருக்கிறேன். பின்னால் இருக்கும் லொறி பற்றரியில் ஓடுகிறது. கொட்டியாரக் குடாவில் தூண்டில் போடும்போது கச்சான் காற்றுக்குப் போட்டை ஓரிடத்தில் நிறுத்த முடியவில்லை. ஒரு மணித்தியாலத்துக்குள் பற்றரி படுத்துவிடுகிறது. 24 வோல்ட், 80 இறாத்தல் மோட்டரும் இரண்டு லித்தியம் பற்றரியும் வாங்கலாமா?

பதில்: வாங்கலாம் தம்பி. ஆனால் மோட்டரைக் கடைசியாக வாங்குங்கள்.

100 இறாத்தல் பாரத்துக்குக் குறைந்தது 2 இறாத்தல் தள்ளுவிசை வேண்டும் என்பது கணக்கு. ஆட்கள், என்ஜின், ஐஸ் பெட்டி எல்லாம் சேர்த்து உங்கள் போட் 700 கிலோ என்று வைத்தால் 31 இறாத்தல் போதும். காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் இன்னும் கூட்டினாலும், காலைக் கடலில் 55 தாராளம். அப்படியிருந்தும் அது இழுக்கவில்லை என்றால், மோட்டருக்குப் போய்ச் சேர வேண்டிய கரன்ட் வழியில் எங்கோ போகிறது.

லொறி பற்றரி ஒரு நொடி பலமாக உதைத்து என்ஜினை எழுப்பச் செய்தது. மணிக்கணக்காக இழுத்தால் அதன் தகடுகள் உதிரும். 55 இறாத்தல் மோட்டர் முழு வேகத்தில் ஏறக்குறைய 50 அம்பியர் குடிக்கும். ஈயப் பற்றரியைப் பாதிக்கு மேல் வடிக்கக் கூடாது. ஆகவே 100 அம்பியர்-மணி பற்றரி என்றாலும் ஒரு மணித்தியாலம் வராது. நீங்கள் சொல்வதும் அதுதானே?

அடுத்தது வயர். போன வருடம் என் சொந்தப் போட்டிலேயே மோட்டர் சோர்ந்து போனது. பற்றரி நல்லது, மோட்டர் நல்லது. பிளஸ் வயரின் முனையைத் தொட்டேன், கை சுட்டது. அந்த முனையைக் குறட்டால் நசுக்கிப் பூட்டியவன் நான்தான். உறையைக் கீறிப் பார்த்தால் முனையின் வாயில் பச்சைத் தூள், உள்ளே அரை முழத்துக்குச் செம்பு கறுத்துக் கிடந்தது. உப்புத் தண்ணீர் கம்பி இழைகளுக்குள்ளால் ஊர்ந்து ஏறியிருக்கிறது. வெளியே பார்க்க வயர் புதுசுபோல இருந்தது.

உங்கள் போட்டிலும் முதலில் இதைச் சோதியுங்கள். போட்டைக் கரையில் கட்டி, மோட்டரை முழு வேகத்தில் விட்டு, பற்றரி முனையில் ஒருதரம், மோட்டர் முனையில் ஒருதரம் மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் குற்றம் வயரில். பற்றரிக்கும் மோட்டருக்கும் 4 மீட்டர் தூரம் இருந்தால் 6 சதுர மில்லிமீட்டர் வயர் 1 வோல்ட்டுக்கு மேல் தின்னும். வெள்ளீயம் பூசிய 16 சதுர மில்லிமீட்டர் வயர் போடுங்கள். பற்றரிக்குப் பக்கத்திலேயே பிளஸ்ஸில் 60 அம்பியர் ப்ரேக்கர் (கரன்ட் மிஞ்சினால் தானே வெட்டும் சுவிட்ச்) கட்டாயம்.

பிறகு லித்தியம். 100 அம்பியர்-மணி லித்தியம் அயன் (இரும்பு) பொஸ்பேற் பற்றரி 12 கிலோ அளவில் இருக்கும். ஈயம் என்றால் 30 கிலோவை நெருங்கும். லித்தியத்தில் 80, 90 வீதத்தைப் பயமின்றிப் பாவிக்கலாம். உங்கள் பழைய மோட்டரே முழு வேகத்தில் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் ஓடும், மெதுவாக விட்டால் காலை முழுவதும். ஒன்றை வாங்கிப் பூட்டி ஒரு மாதம் தொழில் செய்து பாருங்கள். பின்னேரக் கச்சானுக்கு அப்போதும் போதாவிட்டால் 24 வோல்ட் மோட்டருக்குப் போகலாம். குடாவின் நடுவே கடலடிப் பள்ளத்தில் நங்கூரக் கயிறு எட்டாது. அங்கே நிற்பவருக்கு 80 இறாத்தல் வீண் செலவில்லை. இரண்டாவது பற்றரியும் அதே வகை, அதே அளவாக இருக்க வேண்டும். 24 வோல்ட் வருவதற்கு இரண்டையும் தொடராக (ஒன்றின் பிளஸ்ஸை மற்றதன் மைனஸோடு) இணைக்கலாமா என்று முதல் பற்றரி வாங்கும்போதே கேளுங்கள். இரண்டையும் தனித்தனியே முழுசாகச் சார்ஜ் செய்த பிறகே இணையுங்கள். ஈயத்தோடு லித்தியத்தைச் சேர்த்துக் கட்டவே கட்டாதீர்கள். சார்ஜரும் லித்தியத்துக்குரியதாக, 14.4 முதல் 14.6 வோல்ட்டில் நிற்பதாக இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம் தம்பி. ஈயப் பற்றரி சோர்ந்து சோர்ந்து சாகும், கை உணரும். லித்தியம் கடைசிவரை 13 வோல்ட்டுக்குக் கிட்ட நின்றுவிட்டு, உள்ளேயிருக்கும் காவல் சுற்று ஒரே வெட்டாக வெட்டும். கச்சான் நம் பக்கம் கரையிலிருந்து கடலுக்கு வீசுகிற காற்று. மோட்டர் நின்றால் போட் வெளிக்கடலைப் பார்த்துத்தான் போகும். எத்தனை வீதம் மிச்சம் என்று காட்டும் மீட்டர் ஒன்று பூட்டுங்கள். 30 வீதத்தில் கரைக்குத் திரும்புங்கள். பின் என்ஜினின் பற்றரி தனியாகவே இருக்கட்டும், அதைக் கையால் இழுத்து எழுப்பும் இழுகயிறும் கைக்கெட்டும் இடத்தில்.

கேள்வி (நிலாவெளி வாசகர்): மின்மோட்டரின் தண்டுப் பக்கம் எண்ணெய் கசிகிறது. ஏன்?

பதில்: காற்றாடியைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் தங்கூசி (நைலோன் தூண்டில் நூல்) சுற்றிக்கொண்டு, தண்டில் தண்ணீர் புகாமல் அடைக்கும் ‘சீல்’ வளையத்தை அறுத்திருக்கும். நூலை வெட்டி எடுத்துவிட்டு அந்த வளையத்தை மாற்றுங்கள். அதுவரை கடலில் இறக்க வேண்டாம், உப்புத் தண்ணீர் உள்ளே போனால் சுருள் போய்விடும். மோட்டரின் உலோகத்தை உப்பு அரிக்காமல், அதற்குப் பதில் தான் கரையும் துத்தநாகக் கட்டி பாதிக்கு மேல் கரைந்திருந்தால் அதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.