செட்-டாப் பாக்ஸுக்கு வைஃபை போதுமா, ரூட்டரிலிருந்து நேராக லேன் வயர் இழுக்க வேண்டுமா?

தருமபுரி வீட்டில் 100 எம்.பி.பி.எஸ். இணைப்பு இருந்தும், கூடத்து டி.வி.யில் செட்-டாப் பாக்ஸ் வழியாகப் படம் போட்டால் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கிறது, 200 எம்.பி.பி.எஸ். திட்டத்துக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற வேண்டாம். 4கே படத்துக்கே நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 15 எம்.பி.பி.எஸ். வேகம்தான்; முழு எச்.டி.க்கு 5 போதும். வீட்டு வாசல்வரை வரும் வேகத்தில் உங்களுக்குக் குறை இருப்பதாகத் தெரியவில்லை. ரூட்டரிலிருந்து பாக்ஸுக்குப் போகிற அந்த இருபது முப்பது அடியில்தான் வேகம் சிதறுகிறது.

இதே தொல்லையை நானும் அனுபவித்திருக்கிறேன். காவேரிப்பட்டினம் பக்கத்தில் உள்ள எங்கள் வீடு தாத்தா காலத்தில் கருங்கல் வைத்துக் கட்டியது. சுவரின் கனம் ஒன்றரை அடிக்குக் குறையாது. ஃபைபர் நுழைந்த முன்னறையிலேயே ரூட்டரை மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அதன் அருகில் கைப்பேசியில் அளந்தால் 90க்கு மேல் காட்டிய வேகம், இரண்டு சுவர் தாண்டி டி.வி.க்குப் பின்னால் கையை நீட்டி அளந்தபோது 4, 6 என்று இறங்கிவிட்டது. வைஃபையின் இரண்டு அலைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் கல்லையும் கான்கிரீட்டையும் ஊடுருவுவதில் பலவீனமானது. 2.4 கிகாஹெர்ட்ஸ் ஓரளவு ஊடுருவும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் (அலைவரிசைப் பிரிவுகள்) 1, 6, 11 என மூன்றே என்பதால், பக்கத்து வீட்டு ரூட்டர்களோடு அதைப் பங்குபோட்டுக்கொள்ள நேர்கிறது. போதாததற்கு, பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று பாக்ஸை டி.வி.யின் முதுகில் ஒட்டிவைக்கிறோம். அங்கிருக்கும் உலோகத் தகடும் அலையை மறைக்கிறது.

முதலில் பாக்ஸின் பின்புறம் லேன் துளை இருக்கிறதா என்று பாருங்கள். கேபிள் வயர் மாட்டும் துளை மட்டும் உள்ள சாதாரணப் பெட்டியாக இருந்தால் இந்தப் பதில் உங்களுக்குப் பயன்படாது. லேன் துளை இருந்தால் யோசிக்காமல் வயர் இழுத்துவிடுங்கள். கேட் 5இ (Cat 5e) என்ற வயர் வகையே தாராளம். 100 மீட்டர் வரை அது தாங்கும். பல பாக்ஸ்களின் லேன் துளை 100 எம்.பி.பி.எஸ்.க்கு மேல் போகாது, நமக்கு அதுவே மிகுதி. வாங்கும்போது உள்கம்பியைப் பிளேடால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள்; உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், அதை வாங்காதீர்கள்.

வயரின் முனைகளில் லேன் துளையில் செருகும் பிளக்கை அடிக்கும்போது நான் செய்த தவற்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்கமும் ஒரே வரிசையில் இருந்தால் போதும் என்று நினைத்து, உள்ளே இரண்டிரண்டாக முறுக்கியிருக்கும் எட்டுக் கம்பிகளையும் ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று அடுக்கி அடித்தேன். வயரைச் சோதிக்கும் டெஸ்டரில் எட்டு விளக்கும் ஒழுங்காக எரிந்தன. ஆனால் படம் ஓடும்போது இணைப்பு விட்டுவிட்டு அறுந்தது. லேன் பிளக்கில் 1, 2ஆம் இடங்களின் கம்பிகள் ஒரு ஜோடி. 3, 6ஆம் இடங்களின் கம்பிகள் இன்னொரு ஜோடி. முறுக்கிய ஜோடியில் ஒரு கம்பி ஒரு வேலைக்கும் மற்றது வேறு வேலைக்கும் போய்விட்டால், இரைச்சலைத் தடுக்க வேண்டிய முறுக்கு வீணாகிறது. டெஸ்டரோ கம்பி தொடர்கிறதா என்பதை மட்டுமே சொல்லும். வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு என்று இரு முனையிலும் மாற்றி அடித்த பிறகு ஒருநாளும் அறுந்ததில்லை. கடையில் இரு முனையும் அடித்தே விற்கும் வயர் கிடைத்தால் இந்த வேலையே மிச்சம். அந்த முனை நுழையும் அளவுக்குச் சுவரில் துளை மட்டும் பெரிதாகப் போட வேண்டும்.

வயரைச் செருகியதும் பாக்ஸின் அமைப்பில் வைஃபையை அணைத்துவிட்டு, ரூட்டர் பாக்ஸுக்குக் கொடுக்கும் எண்ணான ஐ.பி. முகவரியைப் பாருங்கள். 192.168 என்று தொடங்கினால் பெரும்பாலும் சரியாக இணைந்துவிட்டது என்று பொருள், 169.254 என்று தொடங்கினால் ரூட்டர் முகவரி கொடுக்கவில்லை, வயரையோ ரூட்டரையோ மறுபடி சோதிக்க வேண்டும். வாடகை வீடு, சுவரைத் தொட முடியாது என்றால், ரூட்டரைக் கூடத்துக்கு மாற்றித் தரும்படி ஃபைபர்காரரிடம் கேளுங்கள். அவர் கண்ணாடி இழையை உள்ளே நீட்டினால் போதும்.

வயரை எந்தக் காரணத்துக்காகவும் மொட்டை மாடி வழியாக வெளியே கொண்டுபோகாதீர்கள். மாடி அறை டி.வி.க்கு அப்படித்தான் இழுத்திருந்தேன். சித்திரையில் ஒரு மாலை இடி மழை பெய்து ஓய்ந்தபோது பாக்ஸின் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது, வெளியே போன வயர் வழியாக மின்னலின் தாக்கம் வந்து லேன் துளை மட்டும் செத்துப்போயிருந்தது. இப்போது அந்த வயர் மாடிப்படிச் சுவரோடு ஒட்டி, வீட்டுக்குள்ளேயே ஏறுகிறது.