பழமைவாதி யார்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அரசியலில் பழமைவாதி என்றால் எந்த மாற்றமும் வேண்டாம் என்பவர்தானே?

பதில்: இல்லை. இந்தச் சிந்தனையின் மூலவராகக் கருதப்படும் எட்மண்ட் பர்க்கையே பாருங்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இருந்துகொண்டே அமெரிக்கக் குடியேற்றங்களின் குறைகளுக்காக வாதாடினார். இந்தியாவில் கவர்னர் ஜெனரலாக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது, அங்கு நடந்த முறைகேடுகளுக்காக 1788-ல் தொடங்கிய விசாரணையில் முன்னின்று குற்றம்சாட்டினார். அதே மனிதர்தான் 1790-ல் பிரெஞ்சுப் புரட்சியைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். பல காலத்துப் பழக்கத்தில் உருவான ஓர் அமைப்பைச் செப்பனிடலாம். மொத்தமாக இடித்துவிட்டுக் காகிதத்தில் வரைந்ததைக் கட்டக்கூடாது என்பதே அவர் நிலை. மாறிக்கொள்ள வழியில்லாத அரசு தன்னைக் காத்துக்கொள்ளவும் முடியாது என்றும் எழுதியிருக்கிறார். புரட்சி கடைசியில் படைவீரர்களின் அபிமானம் பெற்ற ஒரு தளபதியின் கையில் போய்ச் சேரும் என்று அப்போதே கணித்தார். 1799-ல் நெப்போலியன் ஆட்சியைப் பிடித்தார்.

கேள்வி: புதிய சட்டம் ஒன்று வருகிறது. பழமைவாதி அதை எப்படி எடைபோடுவார்?

பதில்: நிரூபிக்கும் பொறுப்பை மாற்றம் கேட்பவர் தலையில் வைப்பார். பிறகு வரிசையாகக் கேட்பார்: இப்போதிருக்கும் ஏற்பாடு யாருடைய எந்தச் சிரமத்துக்காக வந்தது? அந்தச் சிரமம் இன்றும் இருக்கிறதா? மாற்றத்தைக் கேட்பது இப்போதைய ஏற்பாட்டோடு அன்றாடம் மல்லுக்கட்டுபவர்களா, திட்டம் தீட்டுபவர்கள் மட்டுமா? சிறிய அளவில் செய்து பார்க்க முடியுமா? சரிப்படாவிட்டால் பழையபடி திரும்ப வழி உண்டா?

இதில் மூன்றாவது கேள்விதான் உயிர்நாடி. புரட்சிக்கால பிரான்சே இதற்கு இரண்டு உதாரணங்கள் தருகிறது. 1793-ல் புதிய நாள்காட்டி வந்தது. மாதத்துக்கு 30 நாள், வாரத்துக்கு 10 நாள். நாளுக்கு 10 மணி, மணிக்கு 100 நிமிடம் என்று கடிகாரத்தையும் மாற்றினார்கள். காகிதத்தில் கணக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் 7 நாளுக்கு ஒருமுறை ஓய்ந்தவர் இனி 10 நாளுக்கு ஒருமுறைதான் ஓயலாம். சந்தை நாள்கள் குழம்பின, தேவாலய மணி அடிக்கும் நாள் ஒன்று, அரசு விடுமுறை இன்னொன்று. புதிய மணிக்கணக்கின் கட்டாயம் 1795-லேயே போனது. நாள்காட்டி 1806 ஜனவரி 1-ல் ஒழிந்தது.

அதே ஆட்கள் 1795-ல் கொண்டுவந்த மீட்டரும் கிலோகிராமும் நிலைத்துவிட்டன. காரணம், ஊருக்கு ஊர் அளவை மாறுவதால் ஏமாறுகிறோம் என்று 1789-ல் திரட்டப்பட்ட குறைமனுக்களிலேயே மக்கள் புலம்பியிருந்தார்கள். வாரத்துக்கு ஏன் ஏழு நாள் என்று எவரும் மனுக் கொடுக்கவில்லை. கேட்டு வந்த மாற்றம்கூடச் சுலபமாக ஒட்டவில்லை என்பதையும் கவனியுங்கள்: 1812-ல் நெப்போலியன் பழைய பெயர்களையும் பின்னங்களையும் மறுபடி அனுமதித்தார், மெட்ரிக் முறை முழுக் கட்டாயமானது 1840-ல்தான்.

கேள்வி: தனியார்மயம், குறைந்த வரி இவற்றை ஆதரித்தால் பழமைவாதியா?

பதில்: அவசியமில்லை. சந்தைப் பொருளாதாரத்தின் பெரிய வக்கீலான பொருளாதார அறிஞர் ஹயக், தான் பழமைவாதி அல்ல என்று 1960-ல் கட்டுரையே எழுதினார். சந்தையைப் போல ஊரையும் தொழிலையும் குடும்பத்தையும் புரட்டிப்போடும் சக்தி வேறு ஏது? மறுபக்கம், 1883-ல் தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டைக் கொண்டுவந்தவர் ஜெர்மனியின் பிஸ்மார்க். தொழிலாளர்கள் சோஷலிஸ்டுகள் பக்கம் சாயாமல் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. வலதுசாரிக் கூட்டணிகளில் சந்தை ஆதரவாளரும் பழமைவாதியும் ஒன்றாக உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் பொது எதிரியை முன்னிட்டுத்தான்.

கேள்வி: இந்த அணுகுமுறை எங்கே சறுக்கும்?

பதில்: பொறுத்திருப்பதற்கான விலையைக் கொடுப்பவர் வேறு, 'பொறுங்கள்' என்பவர் வேறாக இருக்கும் இடத்தில். 1792-ல் அடிமை வணிகத்தை ஒழிக்கும் தீர்மானம் பிரிட்டிஷ் மக்களவைக்கு வந்தபோது, அமைச்சர் ஹென்றி டண்டாஸ் அதில் 'படிப்படியாக' என்ற திருத்தத்தைச் சேர்த்தார். தீர்மானம் பெரும்பான்மையோடு நிறைவேறியது. 1796-ல் முடித்துவிடலாம் என்று நாளும் குறித்தார்கள். பிரபுக்கள் சபை இழுத்தடித்தது. வணிகத்துக்குத் தடை வந்தது 1807-ல். அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1833-ல் வந்தபோதும் 2 கோடி பவுண்டு இழப்பீடு உடைமையாளர்களுக்குப் போனது. அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒரு காசு இல்லை. எனவே 'மெதுவாகச் செய்வோம்' என்பவரிடம் முதல் படி எது, எந்தத் தேதியில், நடக்காவிட்டால் என்ன என்ற மூன்றையும் கேளுங்கள். விடை வராவிட்டால் அது நிதானம் அல்ல, தட்டிக்கழிப்பு.

கேள்வி: பிற்போக்குவாதியும் பழமைவாதியும் ஒன்றுதானே?

பதில்: ஒரே வீட்டில் பிறந்த இரண்டு பிரெஞ்சு மன்னர்களை ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும். புரட்சிக்கும் நெப்போலியனுக்கும் பிறகு அரியணை ஏறிய பதினெட்டாம் லூயி, 1814-ல் ஓர் அரசியல் சாசனம் வழங்கினார். புரட்சியில் பறிமுதலாகி விற்கப்பட்ட நிலங்கள் வாங்கியவர்களுக்கே என்றார். நெப்போலியனின் சிவில் சட்டத்தையும் விட்டுவைத்தார். தனக்குப் பிடிக்காததாக இருந்தாலும் ஊன்றிவிட்டது என்பதால் ஏற்றுக்கொண்டார். இது பழமைவாதியின் வழி. அவருக்குப் பின் வந்த தம்பி பத்தாம் சார்லஸுக்குப் பழைய முடியாட்சியின் மிடுக்கு திரும்ப வேண்டியிருந்தது. போனதை மீட்கத் துடிக்கும் இவர்தான் பிற்போக்குவாதி. 1830 ஜூலையில் பத்திரிகைச் சுதந்திரத்தை நிறுத்திவைத்தார், அவையைக் கலைத்தார், வாக்குரிமையைச் சுருக்கினார், எல்லாம் அவசர ஆணைகளாக. பாரிஸ் மூன்று நாள் கொதித்தது. ஆகஸ்ட் 2-ல் முடி துறந்து, பிரிட்டனுக்குக் கப்பல் ஏறினார்.