நோட்டுக்குக் கால் முளைத்ததா?

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. பி.காம். இரண்டாம் ஆண்டு. படிப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் மூன்று வருடமாக ஜப்பான் கார்ட்டூன் பைத்தியம். கார்ட்டூன் என்றால் கோபம் வருகிறது, அனிமே என்று சொல்ல வேண்டுமாம். காலேஜ் பை முழுக்க ஒரே முகம் போட்ட பேட்ஜ்கள். கேட்டால் "என் ஓஷி" என்கிறாள். 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' படம் வந்தபோது, அன்று என் மாமனாருக்குத் திதி என்று தெரிந்தும் முதல் நாளே தியேட்டருக்குப் போய்விட்டாள். தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது அவள் படம் வரையும் நோட்டு கிடைத்தது. கதையில் வரும் இரண்டு பையன்களைக் கைகோத்தபடி, தோளில் சாய்ந்தபடி பக்கம் பக்கமாக வரைந்திருக்கிறாள். அட்டையில் 'ஃபுஜோஷி' என்று எழுதியிருந்தது. இணையத்தில் தேடினால் 'அழுகிப்போன பெண்' என்று வந்தது. எனக்குக் கைகால் நடுங்கிவிட்டது. பண்டிகைக்கு வந்திருந்த நாத்தனார் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இவளை யார் கட்டிப்பா?" என்றார். "இந்த மாதிரி ஆட்கள்தான் கடைசியில் ஏதாவது விபரீதம் பண்ணுவார்கள்" என்கிறார் என் கணவர். தீபாவளிக்கு அப்புறம் மகள் தன் அறையைப் பூட்டிச் சாவியைக் கையோடு கொண்டுபோகிறாள். இவளை எப்படி மீட்பது?
– பெயர் வெளியிட விரும்பாத தாய், திருச்சி

பதில்: அன்புள்ள சகோதரி, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு இந்தக் கடிதம் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது. வயசுக் கோளாறு, தானாகச் சரியாகிவிடும் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். எழுத மாட்டேன். வேலைக்கும் போய், பிள்ளைகளையும் வளர்த்து, ஐம்பது வயதிலும் இதை விடாமல் வைத்திருக்கும் பெண்கள் ஜப்பானில் நிறைய. உங்கள் மகளும் அப்படி ஆகலாம்.

என் கண்ணில் பட்டது வேறு. நாத்தனார் "பார்த்துவிட்டுச் சிரித்தார்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். மகள் அறையில் இருந்த நோட்டை நாத்தனார் எப்படிப் பார்த்தார்? நோட்டுக்குக் கால் முளைத்து ஹாலுக்கு நடந்து வந்ததா? நீங்கள்தான் எடுத்துக்கொண்டுபோய் நீட்டியிருக்கிறீர்கள். சுத்தம் செய்யும்போது கையில் கிடைத்தது, திறந்து பார்த்துவிட்டீர்கள், அதுகூடப் பெற்றவள் பதற்றம் என்று விட்டுவிடலாம். மூடி, இருந்த இடத்தில் வைத்துவிட்டு, மகள் வந்ததும் கேட்டிருக்கலாமே. கேட்டதாகக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. நேரே நாத்தனாரிடம் போயிருக்கிறது. அப்புறம், தீபாவளியிலிருந்து பூட்டு என்று தனியாக ஒரு புகார். இந்த இரண்டு வரியையும் சேர்த்து ஒரு தடவை படித்துப் பாருங்கள், தாயே.

உங்களை நடுங்க வைத்த அந்தப் பெயருக்கு வருகிறேன். இரண்டு ஆண் பாத்திரங்களைக் காதலர்களாக வைத்துக் கற்பனை செய்யும் கதைகளை விரும்புகிற பெண்கள், தங்களைத் தாங்களே கேலி செய்து வைத்துக்கொண்ட பெயர் அது. யாரும் உங்கள் மகளுக்குப் பட்டம் கட்டவில்லை. இந்த வகைக் கதைகளும் நேற்று முளைத்தவை அல்ல. ஆண்கள் விடுதிப் பள்ளியில் நடக்கும் காதலை மோதோ ஹாகியோ 1974-இலும், கெய்கோ தகேமியா 1976-இலும் ஜப்பானில் பெண்களுக்கான காமிக்ஸ் இதழ்களில் தொடராக வரையத் தொடங்கினார்கள். வரைந்தவர்களும் பெண்கள், விழுந்து விழுந்து படித்தவர்களும் பள்ளி மாணவிகள். அந்த மாணவிகள் இன்று பாட்டிகள். தகேமியா பிற்காலத்தில், 2014 முதல் 2018 வரை, கியோத்தோ செய்கா பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தார். அவர் நோட்டையும் யாராவது அத்தை பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

உங்கள் மகள் நோட்டில் செய்ததை அங்கே அச்சடித்தே விற்கிறார்கள். தோஜின்ஷி என்று பெயர். பிடித்த கதையின் பாத்திரங்களை எடுத்துத் தங்கள் மனம் போல் வேறு கதை பண்ணி, சொந்தச் செலவில் அச்சுப் போடுவது. இதற்கென்றே 'காமிக்கெட்' என்ற சந்தை டோக்கியோவில் 1975 டிசம்பர் 21 அன்று தொடங்கியது. முதல் முறை வந்தவர்கள் சுமார் 700 பேர், பெரும்பாலும் பள்ளிக்கூடப் பெண்கள். இன்று வருடத்துக்கு இரண்டு முறை, ஆகஸ்டிலும் டிசம்பரிலும், லட்சக்கணக்கில் கூட்டம். கடை போடுகிறவர், வாங்குகிறவர் என்று அங்கே ஆளைப் பிரிப்பதில்லை, எல்லோருமே 'பங்கேற்பவர்'தான். பாத்திரம் போல வேஷம் கட்டுகிறவர்கள் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு ரயிலில் வரக்கூடாது. உள்ளே அதற்கென்று இருக்கும் அறையில் மாற்றிக்கொண்டு, கிளம்பும்போது கலைத்துவிட்டுத்தான் போக வேண்டும். வேஷத்தில் நிற்கிறவரைப் படம் எடுப்பதானாலும் முதலில் கேட்க வேண்டும். நாலு பேர் பார்க்கட்டும் என்று நிற்கிறவருக்கே அந்த மரியாதை. உங்கள் மகள் யாரும் பார்க்கட்டும் என்று வரையவில்லை. உள்ளே வைத்திருந்தாள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இது போன்ற படங்களை இணையத்தில் போடும்போது, பாத்திரத்தின் பெயரை நடுவில் ஒரு குறியைப் போட்டு உடைத்து எழுதுகிறவர்கள் உண்டு. பிடிக்காதவர்கள், கதைக்குச் சொந்தக்காரர்கள் யார் கண்ணிலும் தேடலில் வந்து விழக்கூடாது என்பதற்காக. பெற்றோரிடம் மாட்டிக்கொள்வதற்கு 'ஓயாபாரே' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். இவ்வளவு ஒளிவுமறைவு ஏன் என்று கேட்டால், உங்கள் கணவர் சொன்ன வார்த்தையில் பதில் இருக்கிறது.

1989-இல் ஜப்பானில் நான்கு சிறுமிகளைக் கொன்ற ஒருவன் பிடிபட்டான். அவன் அறையில் ஆயிரக்கணக்கான வீடியோ டேப்கள். பத்திரிகையும் டிவியும் அந்த அறையைத் திரும்பத் திரும்பக் காட்டின. காமிக்ஸ், அனிமே என்று கிடப்பவர்களைக் குறிக்கும் 'ஒதாகு' என்ற பெயர் அதற்குச் சில வருடம் முன்பே, 1983-இல், ஒரு பத்திரிகைப் பத்தியில் நக்கலாகக் கிளம்பியிருந்தது. இந்த வழக்குக்குப் பிறகு அது வசைச் சொல்லே ஆகிவிட்டது. ஒருவன் செய்த பாவத்துக்கு, ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத எத்தனையோ பேர் தங்கள் புத்தகங்களைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்தார்கள். உங்கள் கணவர் பெற்ற மகளைப் பார்த்து அதே பழியைச் சொல்கிறார். 'இந்த மாதிரி ஆட்கள்' என்றாராமே. அவர் மகள் எந்த மாதிரி ஆள் என்று அவருக்குத் தெரியாதா?

மகளையும் சும்மா விடப்போவதில்லை. தாத்தா திதியன்று சினிமாவுக்குப் போனது தப்பு, இதில் எனக்கு இரண்டாம் பேச்சு கிடையாது. திதி வருடத்தில் ஒரு நாள், அந்தப் படம் மறுநாளும் ஓடியது. அதுவும் எந்தக் கதைக்குப் போனாள் தெரியுமா? குடும்பத்தையே பறிகொடுத்த மூத்த பிள்ளை, அரக்கியாக மாறிவிட்ட தங்கையைப் பெட்டிக்குள் வைத்து முதுகில் சுமந்துகொண்டு அலைகிற கதை. பரம்பரையாக வந்து, அப்பா ஆடிக் காட்டிய ஆட்டம்தான் அவன் உயிரைக் காப்பாற்றுகிறது. அதைப் பார்க்கத் தாத்தாவுக்கு இலை போடாமல் போயிருக்கிறாள். இதை அவளிடம் சொல்லித் திட்டுங்கள், நன்றாக உறைக்கும். ஆனால் திட்டுவதற்கு நீங்கள் அந்தக் கதையைப் பார்த்திருக்க வேண்டும். படம் தமிழ் பேசியேதான் வந்தது, சாக்குச் சொல்ல வழியில்லை. படத்துக்கு முன்னால் வந்த தொடரின் முதல் பகுதியையும் பாருங்கள். தங்கையை வெட்ட வாளோடு ஒருவன் வருகிறான். அண்ணன் அவன் காலடியில் தலை பதித்துக் கெஞ்சுகிறான், பிடித்துக் கொடுக்கவில்லை. நீங்கள் இரண்டு பென்சில் படத்துக்காகப் பிடித்துக் கொடுத்துவிட்டீர்கள்.

அந்தக் கதையை வரைந்த கொயோஹாரு கொதோகேயும் பொதுவெளியில் முகம் காட்டுவதில்லை. கண்ணாடி போட்ட முதலையாகத்தான் தன்னை வரைந்துகொள்கிறார். கோடிக்கணக்கானவர்கள் படித்த கதை, இருந்தும் அவர் மறைத்ததை மறைவாகவே விட்டுவைத்திருக்கிறார்கள்.

பேட்ஜ் விஷயம் சின்னது. ஓஷி என்றால் ரசிகருக்கு மனதுக்கு நெருக்கமான பாத்திரம், அவ்வளவுதான். செலவை மட்டும் கேளுங்கள். பல பேட்ஜ்கள் எந்த முகம் உள்ளே என்று தெரியாத மூடிய உறையில் வரும், வேண்டிய முகம் கிடைக்கும்வரை வாங்கச் சொல்லும். அப்பா பணம் என்றால் கணக்குக் கேட்பது உங்கள் உரிமை, காட்டுவது அவள் கடமை.

கல்யாணக் கவலைக்கு வாருங்கள். நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்றுதானே பயம்? யார் போய்ச் சொல்லப்போகிறார்கள்? வீட்டு விஷயம் வாசல் தாண்டக் கூடாது என்று உங்கள் மகளுக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். அவள் பூட்டு போட்டு அதைத்தான் செய்கிறாள். வாசல் தாண்டவிட்டது நீங்கள்.

ஆகவே முதல் வேலை நாத்தனாரிடம். "அது என் பெண்ணுடைய நோட்டு, நான் காட்டியிருக்கக் கூடாது, இந்தப் பேச்சு இத்தோடு நிற்கட்டும்" என்று நேரடியாகச் சொல்லுங்கள். மூக்கு விடைக்கும், முகம் தூக்குவார், தூக்கட்டும். அதற்குப் பிறகுதான் மகளிடம் போக வேண்டும். பேச்சு வெளியே சுற்றிக்கொண்டிருக்கும்போது நீங்கள் கேட்கிற மன்னிப்புக்கு அவளிடம் மதிப்பு இருக்காது. நோட்டை எடுத்தேன், அத்தையிடம் காட்டினேன், தப்பு என்று மட்டும் சொல்லுங்கள். 'ஆனால் நீயும்' என்று தொடங்காதீர்கள். திதிப் பேச்சு வேறொரு நாளைக்கு. சாவியைக் கேட்கவே கேட்காதீர்கள்.

அடுத்த கடிதம் போடுவதாக இருந்தால் மகளைப் பற்றி எழுத வேண்டாம். நாத்தனாரிடம் என்ன சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.