வேட்டைத் தோட்டாக்களில் எது அதிகத் துல்லியம்: .308ஆ, .270ஆ, 6.5 கிரீட்மோரா?

கேள்வி கேட்டவர் வேலை மாற்றலில் நியூசிலாந்து போகிறாராம். அங்கே மான் வேட்டைக்குப் போகும் நண்பர்கள் ஆளுக்கொரு தோட்டாவைச் சொல்கிறார்கள். அதில் ஒருவர், .270இல் மூன்று குண்டு சுட்ட அட்டையைப் படம் எடுத்து அனுப்பி, "இதைவிடத் துல்லியம் வேறு எதில் வரும்?" என்றிருக்கிறார். அதை நம்பலாமா என்பதுதான் கேள்வி.

அந்தப் படத்தை நம்ப வேண்டாம். நானும் ஒருமுறை அப்படி நம்பியவன்.

நான் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவன். இங்கே வேட்டை கிடையாது. வீட்டில் துப்பாக்கி வைத்துக்கொள்வது என்ற பேச்சுக்கே இடமில்லை. தேசிய சேவையில், அதாவது கட்டாய ராணுவப் பணியில், எஸ்ஏஆர் 21 என்ற ராணுவத் துப்பாக்கி பிடித்துச் சுட்டேன். சுட்டு முடித்ததும் வெற்றுக் கூடுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி எண்ணிக் கொடுத்து, பையில் எதுவும் இல்லை என்று உறுதி சொல்லிவிட்டுத்தான் லாரி ஏறுவோம். சேவை முடிந்த பிறகும் ஆசை விடவில்லை. துப்பாக்கி சுடும் மன்றம் ஒன்றில் சேர்ந்து பதினோரு வருடமாக 50 மீட்டரில் .22 என்ற சின்னத் தோட்டா சுடுகிறேன். வேட்டைத் தோட்டாக்களைத் தொட்டது நியூசிலாந்தின் தெற்குத் தீவில் இருக்கும் அத்தை மகன் வீட்டுக்குப் போனபோதுதான். உரிமம் உள்ளவர் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டால் நம்மைப் போன்றவர்களும் அங்கே சுடலாம்.

மச்சான் அவர் பண்ணைச் சரிவில் 100 மீட்டரில் அட்டை கட்டினார். முதலில் .270. மூன்று குண்டு சுட்டேன். போய்ப் பார்த்தால் மூன்று ஓட்டைகளும் பக்கத்துப் பக்கத்தில் நெருங்கியிருந்தன. வெளி ஓட்டைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்தால் 19 மி.மீ. அடுத்து .308, அதிலும் மூன்று: 34 மி.மீ. ".270தான்" என்று முடிவே கட்டிவிட்டேன். மச்சான் ஒன்றும் சொல்லவில்லை. "குழல் ஆறட்டும். அதே அட்டைகளில் ரெண்டுக்கும் இன்னும் ஏழேழு சுடு, அப்புறம் பேசுவோம்" என்றார். சுட்டேன். பத்துப் பத்துக் குண்டு முடிந்தபோது .270க்கு 41 மி.மீ., .308க்கு 43. அவ்வளவுதான் வித்தியாசம்.

இது ஏன் என்று புரிந்துகொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். குண்டுகள் ஒரு மையத்தைச் சுற்றிச் சிதறுகின்றன. மூன்று சுட்டால் அந்தச் சிதறலின் ஒரு மூலைதான் கண்ணில் படும். ஒரே துப்பாக்கி, ஒரே தோட்டா, ஒரே ஆள் என்றாலும், ஐந்து குண்டின் ஓட்டைக் கூட்டம் மூன்று குண்டின் கூட்டத்தைவிடச் சராசரியாகக் கால் பங்குக்குச் சற்று மேலே பெரிதாக இருக்கும். பத்துக் குண்டு என்றால் ஒன்றரை மடங்கைத் தாண்டும். அதனால் ஒருவர் மூன்று குண்டு அட்டையையும் இன்னொருவர் பத்துக் குண்டு அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பேசினால் அது ஒப்பீடே இல்லை. சிதறலை அளக்கப் பலர் சொல்லும் 'எம்ஓஏ' என்ற கோண அளவு 100 மீட்டரில் 29 மி.மீ. நம்ம சிங்கப்பூர் ஒரு வெள்ளி (டாலர்) காசு 24.65 மி.மீ.; அதைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம். 'என் துப்பாக்கி ஒரு எம்ஓஏ' என்று யாராவது சொன்னால், எத்தனை குண்டுக்கு என்று கேளுங்கள்.

சரி, தோட்டாவுக்கென்று தனித் துல்லியமே கிடையாதா? உண்டு. மேசையில் துப்பாக்கியைத் தாங்கி வைத்து அட்டைக்காகவே சுடும் போட்டிகளில் 1950இல் வந்த .222 ரெமிங்டன் தோட்டா பல ஆண்டுகள் கொடி கட்டிப் பறந்தது. 1975 வாக்கில் வந்த 6 பிபிசி (6 PPC) தோட்டா, குட்டையான தடித்த கூட்டோடு, அதை ஓரங்கட்டியது. ஆனால் அந்த வித்தியாசம் தெரிவது கனத்த குழலும், கையால் ஒவ்வொன்றாக அளந்து நிரப்பிய தோட்டாவும் இருக்கும் இடத்தில். தோளில் மாட்டிக்கொண்டு மலை ஏறும் மெல்லிய குழல் துப்பாக்கியில், கடையில் வாங்கிய பெட்டித் தோட்டாவைப் போட்டுச் சுடும்போது, அது மற்றச் சிதறலுக்குள் கரைந்துவிடும்.

நீங்கள் கேட்ட மூன்றில் 6.5 கிரீட்மோருக்கு மட்டும் ஒரு நியாயமான சாதகம் உண்டு. அதற்குக் காரணம் அதன் அளவுகள். .308 வின்செஸ்டர் 1952இல் வந்தது, கூட்டின் நீளம் 51 மி.மீ. 2007இல் வந்த கிரீட்மோரின் கூடு 49 மி.மீ.க்கும் குறைவு. முழுத் தோட்டாவின் நீளமோ இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். கூட்டைக் குட்டையாக்கி மிச்சம் பிடித்த அந்த இடத்தில் நீளமான, ஒல்லியான, கூரிய குண்டு உட்காருகிறது. நீளமான குண்டு நிலையாகப் பறக்க வேகமாகச் சுழல வேண்டும். அதற்காகக் குழலுக்குள் சுருள் வரிகளும் எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று நெருக்கமாக வெட்டப்பட்டிருக்கின்றன. 1925இல் வந்த .270இல் வழக்கம் பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று; அவ்வளவு நீளக் குண்டுகளுக்கு அது போதாது.

இதனால் 100 மீட்டரில் பெரிய லாபம் இல்லை. காற்றில்தான் லாபம். மணிக்கு 16 கி.மீ. குறுக்குக் காற்றில், 300 மீட்டரில், .308இன் வழக்கமான வேட்டைக் குண்டைவிடக் கிரீட்மோர் குண்டு ஐந்து செ.மீ.க்கு மேல் குறைவாக ஒதுங்கும். மச்சான் இருக்கும் பக்கம் பள்ளத்தாக்கில் காற்று நின்று நான் பார்த்ததே இல்லை.

இன்னொரு லாபம், சுடும்போது துப்பாக்கி தோளில் உதைக்கும் உதை குறைவு. இதை நான் தோளால் கற்றேன். பக்கத்துப் பண்ணைக்காரர் .300 வின்செஸ்டர் மேக்னம் கொண்டு வந்தார். ஒரே எடைத் துப்பாக்கியில் அதன் உதை கிரீட்மோரைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. அவர் பக்கத்தில் இருக்க, மச்சான் அதில் பத்துச் சுட்டு 38 மி.மீ. எடுத்தார், நான் சுட்டது 70. எனக்குக் காரணம் புரியவில்லை. அடுத்த முறை மச்சானே ஒவ்வொன்றாகத் தோட்டா போட்டுக் கொடுத்தார். நான்காவதில் விசையை இழுத்தேன். 'டிக்' என்றது, வெடிக்கவில்லை. ஆனால் குழல் முனை ஒரு விரல்கடை கீழே குனிந்தது. வெற்றுக் கூட்டைப் போட்டிருக்கிறார். உதை வரப்போகிறது என்று என் உடம்பு முன்கூட்டியே தோளைத் தள்ளியிருக்கிறது. பதினோரு வருடம் .22 சுட்ட எனக்கே இப்படி. அதே நாளில் கிரீட்மோரில் எனக்கு வந்தது 33 மி.மீ.

சிவப்பு மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் ஒரு சாப்பாட்டுத் தட்டளவு. 100 மீட்டரில் 41 மி.மீ. சிதறும் துப்பாக்கி 200 மீட்டரில் 82 மி.மீ. சிதறும், அந்தத் தட்டுக்குள் தாராளமாக அடங்கும். அதனால் மூன்றில் எதை வாங்கினாலும் தோட்டா உங்களைக் கைவிடாது. உதைக்குப் பயந்து விசையை வெடுக்கென்று இழுத்தால்தான் மான் வயிற்றில் அடிபட்டு ஓடும், எங்கோ புதருக்குள் கிடந்து சாகும். அது நடக்கவே கூடாது. புதிதாகத் தொடங்குபவருக்கு நான் கிரீட்மோரைச் சொல்வது இதற்காகத்தான்.

துப்பாக்கி வாங்கியதும் தோட்டாவில் மூன்று வகைப் பெட்டி வாங்குங்கள். .22இல் 50 மீட்டர் அட்டையின் பத்துப் புள்ளி வட்டம் 10.4 மி.மீ.தான். அதனால் நாங்கள் ஒரே நிறுவனத்தின் ஒரே ரகத் தோட்டாவைக்கூடத் தயாரிப்புத் தொகுதி எண் வாரியாகச் சுட்டுப் பார்த்துத்தான் வாங்குவோம். ஒரு தொகுதி என் குழலுக்கு ஒத்துப்போகும், அடுத்தது ஒத்துப்போகாது. உங்களுக்கும் அதே வழிதான்: வகைக்குப் பத்துக் குண்டு, குழலை ஆறவிட்டு, ஒரே நாளில், ஒரே தூரத்தில். பெட்டியில் அச்சிட்டிருக்கும் தொகுதி எண்ணை அட்டையின் ஓரத்திலேயே பேனாவால் எழுதிவையுங்கள். ஒத்துப்போகும் தொகுதி கிடைத்துவிட்டால், கடையில் அது தீர்வதற்குள் இன்னும் நான்கைந்து பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.