பூட்டி படித்த மருத்துவிச்சியா, கைப்பழக்கத்தில் பிள்ளை எடுத்தவரா? எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: என் பூட்டி (கொள்ளுப்பாட்டி) 1930களில் மட்டக்களப்பில் களுவாஞ்சிக்குடிப் பக்கம் மருத்துவிச்சியாக இருந்தவர். கலியாணத்துக்கு முன்பே வேலைக்கு வந்துவிட்டாராம். முறையாகப் படித்துப் பதிவு பெற்றவரா என்று அறிய எங்கே தேடலாம்?

பதில்:

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். நான் கல்லாற்றுக்காரி. அம்மாவின் பெத்தாவை, அதாவது பாட்டியை, ஊரே 'மிட்வைஃப்' என்றுதான் சொல்லும். கொழும்பில் படித்தவர் என்றும் ஒரு பேச்சு. சாட்சிக்குப் பெட்டகத்தில் ஒரு கறுப்புத் தோல் பை. மூன்று வருடம் விட்டுவிட்டுத் தேடினேன்.

முதல் வேலையாக 'மருத்துவிச்சி' என்ற சொல்லை நம்புவதை விடுங்கள். எங்கள் பக்கத்தில் தாயிடம் பார்த்துப் பழகிப் பிள்ளை எடுத்தவரும் மருத்துவிச்சி, அரசாங்கச் சம்பளம் வாங்கியவரும் மருத்துவிச்சி. முஸ்லிம் ஊர்களில் ஒஸ்தா மாமியும் இந்த வேலையைப் பார்த்திருக்கிறார். சொல்லை வைத்து ஒன்றும் பிடிபடாது.

வயதானவர்களிடம் "அவ படிச்சவவா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் "ஓம்" என்பார்கள். சொந்தக்காரரைக் குறைத்துச் சொல்ல யாருக்கு மனம் வரும்? நான் கேட்டுப் பலன் கண்ட கேள்விகள் வேறு. பிள்ளை எடுத்ததற்கு என்ன கொடுத்தீர்கள்? சேலையும் நெல்லும் தேங்காயும் என்றால் அவர் ஊர் மருத்துவிச்சி. ஒன்றும் கொடுக்கவில்லை, அவவுக்குச் சம்பளம் இருந்தது என்றால் கதை வேறு. பிறந்த பிள்ளையின் கண்ணில் மருந்துச் சொட்டு விட்டாரா? கண் நோய் வராமலிருக்க வெள்ளி நைத்திரேற்று விடும் முறை 1880களில் ஜெர்மனியில் தொடங்கியது, வீட்டு வைத்தியத்தில் இருந்ததல்ல. பிள்ளையைத் தராசுக் கொக்கியில் தொங்கவிட்டு நிறுத்தாரா? கொப்பியில் எழுதினாரா? வயதான காலத்தில் மாதாமாதம் பென்சன் எடுத்தாரா? கடைசிக் கேள்வி தங்கம். மட்டக்களப்புக் கோட்டைக்குள் இருந்த கச்சேரிக்கு (அரசாங்க அலுவலகத்துக்கு) போய் வந்த ஞாபகம் ஒருவருக்காவது இருக்கும். பென்சன் இருந்தால் எங்கோ ஒரு கோப்பும் இருந்திருக்கும்.

இனிக் கடதாசிகள். இலங்கையில் முறையான மருத்துவிச்சிப் பயிற்சியின் பழைய மையம் கொழும்பு டி சொய்சா பிள்ளைப்பேற்று ஆஸ்பத்திரி. அது 1879இல் திறக்கப்பட்டது. 'கொழும்பில் படித்தவ' என்ற பேச்சில் உண்மை இருந்தால் பெரும்பாலும் அங்கேதான் போய் நிற்கும். மருத்துவிச்சிகளின் பதிவு 1927ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டத்துக்குள் வருகிறது. அந்தப் பதிவேடு இன்று இலங்கை மருத்துவ சபையின் பொறுப்பில் உள்ளது. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கி, அந்த ஏற்பாடு பிறகு மற்ற இடங்களுக்கும் பரவியது. ஊருக்குள் வீடு வீடாகப் போகும் அரசாங்க மருத்துவிச்சி இதன் வழியாகத்தான் நமக்குப் பழக்கமானார். ஆகவே 1930கள் என்று நீங்கள் சொல்லும் காலம் சுவாரசியமானது. பழைய கையும் புதிய பையும் ஒரே ஊரில் ஒன்றாக இருந்த காலம்.

சிலர் சென்னையில் படித்ததாகவும் குடும்பக் கதை இருக்கும். எழும்பூர் மகப்பேற்று மருத்துவமனை 1844இலேயே தொடங்கிவிட்டது. மதராஸில் தாதியர், மருத்துவிச்சிகளுக்கான பதிவுச் சட்டம் 1926இல் வந்தது. இங்கிலாந்துப் பதிவு என்று யாராவது காட்டினால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே 1902ஆம் ஆண்டுச் சட்டம், ஏற்கெனவே குறைந்தது ஒரு வருடம் தொழில் பார்த்தவர்களைப் பரீட்சை இல்லாமலே பதிவில் சேர்த்துக்கொண்டது. பதிவு இருந்தால் படிப்பும் இருந்தது என்று அர்த்தமில்லை.

தேடும்போது பெயர்தான் வதைக்கும். கலியாணத்துக்கு முன் தகப்பன் பெயரின் முதலெழுத்து, பின் புருஷன் பெயரின் முதலெழுத்து. பதிவுகள் ஆங்கிலத்தில் என்பதால் ஒரே தங்கம்மாவை நாலு விதமாக எழுதியிருப்பார்கள். பயிற்சிக்குப் போனது கலியாணத்துக்கு முன் என்றால் தகப்பன் பெயரில்தான் தேட வேண்டும். இன்னொன்று, அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் ஆட்களையும் அதற்கு முந்திய கடதாசிகளில் மட்டக்களப்பு என்றே தேடுங்கள்.

பெட்டகம் யாரிடம் என்று விசாரிப்பதையும் மறக்க வேண்டாம். நம் பக்கம் வீடு மகளுக்குத்தான் போகும். அதனால் பூட்டியின் சாமான் பெரும்பாலும் பெண்வழியில்தான் இருக்கும். 1978 சூறாவளியும் 2004 சுனாமியும் விட்டுவைத்திருந்தால்.

எல்லாவற்றையும்விட எனக்கு உதவியது நான் நினைத்தே பார்க்காத ஒரு கடதாசி: அவர் எடுத்த பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ். அதில் அறிவித்தவரின் பெயரும், எந்தத் தகுதியில் அறிவிக்கிறார் என்பதும் இருக்கும். தகப்பன்தான் அறிவிக்க வேண்டும் என்றில்லை, பிறப்பின்போது உடனிருந்தவரும் அறிவிக்கலாம். பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்து, பெரியம்மா ஒருவரின் பிறப்புச் சான்றிதழின் பிரதி எடுத்தேன். தட்டச்சுப் பிரதியல்ல, மூலப் பதிவின் போட்டோப் பிரதி. அறிவித்தவர் எங்கள் பெத்தா. தகுதி, பிறப்பின்போது உடனிருந்தவர். கையொப்பம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாய் ஒரு பெருவிரல் அடையாளம்.

கந்தோர் வாங்கிலேயே உட்கார்ந்துவிட்டேன். எழுதப் படிக்கத் தெரியாதவர் கொழும்பில் எந்தப் பரீட்சை எழுதியிருப்பார்? அப்படியானால் பை?

அந்தப் பிரதியோடு பெரியம்மாவிடமே போனேன். அவருக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது, காது மந்தம். பையைக் கண்டதும் சிரித்தார். "இது பெத்தாட இல்ல புள்ள. வெள்ளச் சீல உடுத்த மிட்வைஃப் ஒருத்தி நம்மட ஊட்டு முன்னறையில வாடகைக்கு இருந்தா. ராவில வாவிக்கு அங்கால படுவான்கரையில இருந்து ஆள் வந்தா, பெத்தாதான் விளக்கும் பிடிச்சி, பையும் தூக்கிட்டு அவவோட தோணியில போவா. மறுகா அவ கலியாணம் முடிச்சிப் போயிட்டா, பெத்தா தனிய எடுக்கத் தொடங்கிட்டா."

இரண்டு பெண்களை எங்கள் குடும்பம் ஒன்றாகத் தைத்து வைத்திருந்திருக்கிறது. கொழும்புப் படிப்பு வாடகைக்கு இருந்தவருடையது. பிள்ளைகளில் பாதிக்கு மேல் பெத்தா எடுத்தது என்று பெரியம்மா அடித்துச் சொல்கிறார், அதையும் எழுதி வைத்துவிட்டேன். அம்மாவுக்குத்தான் கொஞ்சக் காலம் என்னோடு கோபம்.

பையின் உள்மடிப்பில் மையால் எழுதிய இரண்டு முதலெழுத்துகள் மங்கலாகத் தெரிகின்றன: எம். ஆர். பெத்தாவின் பெயருக்கு அவை எந்த வழியிலும் பொருந்தவில்லை. வாடகைக்கு இருந்தவர் கலியாணம் முடித்துப் போனது களுவாஞ்சிக்குடிக்கு என்று பெரியம்மா சொல்கிறார். உங்கள் பூட்டிக்குக் கலியாணத்துக்கு முன் முதலெழுத்துகள் என்ன?